நிலைக்கால்ல வச்ச புள்ளி

கேக்கணும்னு நெனச்சா அந்த பெஞ்சுல உக்காருங்க, இட்லி வேகுற வரைக்கும் சொல்றேன். நம்ப மாட்டேன்னு மூஞ்சியச் சுளிக்கிறதா இருந்தா பார்சல் கட்டித் தர்றேன், வாங்கிட்டு நடையைக் கட்டுங்க. பொய் சொல்லி எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. செவக்காட்டூர்ல இருபத்தேழு வீடு, மேட்டுல ஒரு கோயிலு, பள்ளத்துல ஒரு கெணறு, ரெண்டுக்கும் நடுவுல இந்த என் கடை, அம்புட்டுத்தான் ஊரு. எம் பேரு முத்துப்பேச்சி. இதுல நான் ஒண்ணும் யோக்கியம் இல்ல, அதை முதல்லயே சொல்லிர்றேன்.

எங்க ஊர்ல ஒரு பழக்கம் இருந்துச்சு. வீடு கட்டுனா வாசல் நிலைக்கால்ல, நெஞ்சு உயரத்துல, ஒரு மிளகு உக்கார்ற அளவுக்குக் குழி தோண்டி வப்பாங்க. அது சாமிக்கு இல்ல, சந்தேகத்துக்கு. ஊர்ல ஒரு பொருள் களவு போச்சுன்னா மூணு நாளைக்கு உச்சிவேளையில எல்லாரும் கதவைச் சாத்திக்கணும். யாருக்கு யார் மேல சந்தேகமோ அவங்க தலையில துணியைப் போட்டுக்கிட்டு, விரல் நுனியில வெத்தலைச் சுண்ணாம்பைத் தொட்டுக்கிட்டு, அந்த வீட்டுக் குழியில போயி ஒரு புள்ளி வச்சுட்டு வரணும். எதிர்ல இன்னொரு முக்காடு வந்தா ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கணும். மூணு நாளும் வீட்டுக்காரங்க அந்தக் குழியைப் பாக்கவே கூடாது. மூணாம் நாள் பொழுது சாயும்போது பூசாரி களவு போன எடத்துல ஒரு புள்ளி வச்சு முடிப்பாரு. மறுநாள் எந்த வாசல்ல புள்ளி இருக்கோ அந்த வீட்டு ஆளு கோயிலு முன்னால வந்து நின்னு பதில் சொல்லணும். வச்சது யாருன்னு கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. நல்ல நியாயம் பாருங்க, சந்தேகப்பட்டவனுக்குத் தலையில முக்காடு, சந்தேகத்துல மாட்டுனவளுக்கு நட்ட நடு வெயிலு. நாங்க அதை நியாயம்னுதான் நம்பிக்கிட்டு இருந்தோம்.

அந்த வருசம் ஆடி மாசம் மூணாம் வெள்ளி கழிஞ்ச மறுநாள், அம்மனுக்குச் சாத்துற வெள்ளிக் கண்மலரு ரெண்டுல ஒண்ணைக் காணோம். பூசாரி வெள்ளையப்பன் கதவைத் தொறந்து பாத்தா அம்மன் ஒத்தைக் கண்ணோட உக்காந்திருக்கா. மனுசன் நெஞ்சுல அடிச்சுக்கிட்டு மேட்டுல இருந்து ஓடி வந்து என் கடை முன்னால விழுந்து, "பேச்சி, ஊரு கெட்டுச்சு, ஆத்தா கண்ணைப் பிடுங்கிட்டாங்க"ன்னு கத்துனாரு. சட்டியில சாம்பாரு கொதிச்சு வழியுறதைக்கூட நான் பாக்கல.

யாரு மேலடா சந்தேகம்னு ஒருத்தரும் வாயைத் தொறந்து கேக்கல. கேக்காமலே எல்லாருக்கும் ஒரே பேருதான் நெனப்பு வந்திருக்கு, அது பிற்பாடுதான தெரிஞ்சுச்சு. வெயிலுகந்தா. அவ எங்க ஊருக்கு வாக்கப்பட்டு வந்து ஒம்பது வருசம், புருசன் சோலையாண்டி, தேங்கா வெட்டுக்குப் போற ஆளு, வாயில இருந்து நாலு வார்த்தை சேந்தாப்புல வராது. அவ சித்தாளா செங்கல்லு சொமந்து, சொமந்துக்கிட்டே பாத்துப் பாத்து வேலையைக் கத்துக்கிட்டு, ஒரு நாள் கரண்டியக் கையில எடுத்துக் கொத்தனாராவே ஆயிட்டா. சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுச் சாரத்துல ஏறி நின்னு அவ சுவரு பூசுனா தண்ணி ஊத்துனாலும் ஒரு எடத்துல தங்காது. பள்ளத்துல அவங்க இருக்குற வீடு அவ கட்டுனதுதான், வேலை முடிஞ்சு வந்து பொழுது மங்குற வரைக்கும் ஒரு வரிசை, ரெண்டு வரிசைன்னு நாலு வருசமா ஒத்தையாளாக் கட்டுனா. தாய் தகப்பன் இல்லாத புள்ள, போறதுக்கு வேற எடம் கெடையாது. கண்மலரு காணாமப் போறதுக்கு மொத நாளு வரைக்கும் கோயில் உள்சுவரைப் பூசிக்கிட்டிருந்ததும் அவதான்.

எனக்கு அது போதும். அதுவும் போக எம் புருசன் இருளப்பன் அவகிட்ட நின்னு சிரிச்சுப் பேசுனதை ரெண்டு தரம் பாத்திருக்கேன். வீட்டுல என்கிட்டச் சிரிச்சு ஆறு வருசம் ஆச்சு. களவு ஒரு பக்கம், வயித்தெரிச்சல் ஒரு பக்கம், ரெண்டும் சேந்து ரெண்டாம் நாளு உச்சிவேளையில என் தலையில துணியைப் போட வச்சுச்சு. வழியில ஒரு முக்காடு எதிர்ல வந்துச்சு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். கண்ணை மூடி, விரலால தடவிக் குழியைக் கண்டுபிடிச்சுப் புள்ளியை வச்சுட்டு வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி சட்னிக்குத் தேங்கா துருவுனேன்.

மூணாம் நாள் பொழுது சாய, பூசாரி அம்மனோட வெறும் கண்ணுக்குழியில சுண்ணாம்புப் புள்ளியை வச்சாரா, வச்ச கையை எடுக்கல, அங்கனயிருந்து ஒரு கோடு கெளம்புச்சு. மஞ்ச நூலு மாதிரி மெலிசா, ஆனா நூலுக்கு இருக்குற தொய்வு கொஞ்சம்கூட இல்லாம, கோயில் வாசலைத் தாண்டி, மேட்டை எறங்கி, வேப்ப மரத்தை ஊடுருவி, என் கடையோட இந்தச் சுவத்துல புகுந்து அந்தச் சுவத்துல வெளியேறி, நேராப் போயி வெயிலுகந்தா வீட்டு நிலைக்கால்ல தொட்டு, அங்கயும் நிக்காம அவ வீட்டுக்குள்ள பூந்து அந்தப் பக்கம் காட்டுக்குள்ள போயிருச்சு. சுவத்துல ஒரு கீறலும் இல்ல. கோயிலுக்குப் பின்பக்கமும் அதே மாதிரி மலையைத் தாண்டிப் போயிக்கிட்டே இருந்துச்சு.

யாரும் மயங்கி விழல, யாரும் கையெடுத்துக் கும்புடல. நாட்டாமை சங்கிலிதான் கோட்டை விரலால சுண்டிப் பாத்தாரு. "ஆத்தாவே காட்டிக் குடுத்துட்டா. இனி பேச்சு எதுக்கு?" அப்படின்னாரு. கூட்டம் ஆமா ஆமான்னுச்சு. நானும் ஆமான்னேன்.

மறுநாளு ஊரு அந்தக் கோட்டோட குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிருச்சு. அரிவாளால வெட்டிப் பாத்தாங்க, அரிவாளு மழுங்குச்சு. அப்புறம் ஈரத்துணி காயப் போட்டாங்க, நல்லா காஞ்சுச்சு, என் கடைக்குள்ள கழுத்து உயரத்துல போனதால நான் வாழை இலைக் கட்டைத் தொங்கவிட்டேன். கோடு எங்கதான் முடியுதுன்னு பாத்துட்டு வர்றேன்னு கெளம்புன தலையாரி அஞ்சு நாளு நடந்து, செருப்பு தேஞ்சு, கண்ணு உள்ள போயித் திரும்பி வந்து, "முடியல"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் படுத்துட்டாரு. பக்கத்து ஊர்க்காரங்க நாலு பேரு வந்து, உங்க ஊருச் சந்தேகம் எங்க ஊருக் கெணத்துக்குள்ள எறங்கி நிக்குது, தண்ணி எறைக்க முடியல, இது என்ன அநியாயம்னு சண்டை போட்டாங்க. அவங்களுக்கு இட்லி குடுத்துச் சமாதானம் பண்ணி அனுப்புனோம்.

கோடு வந்த மறுநாளே மொறைப்படி வெயிலுகந்தாவைக் கோயிலு முன்னால நிக்க வச்சாங்க. சட்டையில காஞ்சுபோன சிமெண்டோட வந்து நின்னா. சோலையாண்டி கூட்டத்துக்குப் பின்னால தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான்.

"எடுத்தியா?" நாட்டாமை கேட்டாரு.

"எடுக்கல மாமா."

"அப்ப கோடு ஏன் உன் வாசலுக்கு வருது?"

அவ சிரிச்சா. அந்தச் சிரிப்புத்தான் எங்களுக்கு ஆத்திரத்தைக் கௌப்புச்சு. "மாமா, நான் கொத்து வேலை செய்யிறவ. சுவரு பூசுறதுக்கு முன்னால என்ன செய்வோம்? புள்ளி வப்போம். மேல ஒரு புள்ளி, கீழ ஒரு புள்ளி. ரெண்டு புள்ளி வச்சுட்டா அதுக்கு நடுவுல கோடு தன்னால வரும், ஒரே ஒரு கோடு, வேற எப்படியும் வராது. அது நல்ல சுவரா இருந்தாலும் வரும், இடிஞ்ச சுவரா இருந்தாலும் வரும். கோயில்ல ஒண்ணு வச்சீக, என் வாசல்ல யாரோ ஒண்ணு வச்சாக. கோடு வந்திருச்சு. உங்க வாசல்ல வச்சிருந்தா உங்க வாசலுக்கு வந்திருக்கும். இதுல ஆத்தா எங்க வந்தா?"

"அப்ப கோடே பொய்யிங்கியா?"

"கோடு நெசந்தான். ஆனா அதுல சேதி கெடையாது. ரெண்டு புள்ளியில எப்பவும் சேதி கெடையாது. மூணாவதா ஒரு புள்ளி, யாரும் வைக்காம தன்னால அதே கோட்டு மேல வந்து விழுந்தா, அப்பக் கேளுங்க என்னை."

எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. கோட்டு மேல நடுவுல இருந்தது என் கடைதான! "என்னையா அங்க பாக்குறீக? உங்க கண்ணுல கொள்ளிக்கட்டையை வைக்க!"ன்னு நான் போட்ட சத்தத்துல ரெண்டு காக்கா பறந்துச்சு. ஆனா அன்னைக்குச் சாயங்காலம் வழக்கமா வர்றதுல பாதிப் பேருதான் இட்லிக்கு வந்தாங்க, வந்தவங்களும் தட்டைத் தொடச்சுப் பாத்துட்டுத்தான் தின்னாங்க. சந்தேகத்தோட ருசி எப்படி இருக்கும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு.

அவ வெறும் பேச்சோட விடல. எல்லாரும் பாக்க, பட்டப்பகல்ல, முக்காடு இல்லாம, சுண்ணாம்பைத் தொட்டுப் பூசாரி வீட்டுக் குழியில ஒரு புள்ளி வச்சா. "இப்பப் பாருங்க"ன்னா. கோயில்ல இருந்து பூசாரி வீட்டுக்கு ஒரு கோடு டப்புன்னு வந்து நின்னுச்சு. பூசாரி களவாணியா, சொல்லுங்கன்னு கேட்டா. நாங்க புரிஞ்சுக்குவோம்னு அவ நெனச்சிருக்கா பாவம். கூட்டத்துல ஒரு முணுமுணுப்பு கெளம்பி, அது வளந்து, கடைசியில நாட்டாமை வாயில வந்து நின்னுச்சு: "அப்படின்னா பூசாரியும் கூட்டு."

"அய்யய்யோ"ன்னு பூசாரி அலறுனாரு. அதுக்குள்ள அவரு வீட்டுக்கும் வெயிலுகந்தா வீட்டுக்கும் நடுவுல மூணாவது கோடு வந்துச்சு, கூட்டத்துக்கு அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? வெயிலுகந்தா மூஞ்சி அப்பத்தான் மாறுச்சு. "தப்புப் பண்ணிட்டேன். ஒரே கோட்டுல நிக்காத மூணு புள்ளி ஆயிப்போச்சு. இனிமே சுவரு வரும்"னா.

வந்துச்சு. மூணு கோட்டுக்கும் நடுவுல பாலு மேல ஏடு படியிற மாதிரி ஒண்ணு படிஞ்சு, கோட்டைத் தாண்டிப் பரவி, ஊரு முழுக்க, ஊருக்கு வெளியிலயும், ஒரு சுருக்கம் இல்லாம ஒரே மட்டத்துல நின்னுச்சு. கோயிலு மேட்டுல இருந்து பள்ளத்தைப் பாத்துச் சரிஞ்ச மட்டம். தரை ஏறுற எடத்துல முழங்காலுக்கு வந்துச்சு, எறங்குற எடத்துல தலைக்கு மேல போச்சு, மத்தபடி ஆளுக்கு ஒரு உயரத்துல எல்லாரையும் அறுத்துக்கிட்டு நின்னுச்சு. கையை விட்டா வழி விடும், எடுத்தா மூடிக்கும். வடகம் காயப் போட்டா தாங்கும். அதெல்லாம் பெரிசில்ல. அது வழியாப் பாத்தா எதுவும் நல்லதாத் தெரியாது, அதுதான் கொடுமை. பச்சப்புள்ள பால் குடிக்கிறது திருடிக் குடிக்கிற மாதிரி தெரியும். கோலம் போடுறவ குனிஞ்சா எதையோ பொதைக்கிற மாதிரி தெரியும். ரெண்டு பேரு பேசுனா நம்மளைப் பத்தித்தான் பேசுறாங்கன்னு அடிச்சுச் சொல்லலாம் போலத் தெரியும். எம் புருசன் முதுகு சொறியிறதைப் பாத்து நான் அரை மணி நேரம் சண்டை போட்டேன்.

ஊரு அதுக்கும் பழகிக்கிச்சு, பழகாதது எது? சிலரு ஏட்டுக்குக் கீழயே குனிஞ்சு நடக்கப் பழகுனாங்க, சிலரு முக்காலி போட்டு மேல தலையை நீட்டிக்கிட்டு உக்காந்தாங்க; கீழ இருக்குறவங்க மேல இருக்குறவங்களையும், மேல இருக்குறவங்க கீழ இருக்குறவங்களையும் நம்பல; ஒரு வீட்டுக்குள்ளயே மேலாளு கீழாளுன்னு பிரிஞ்சு சமைச்சுத் தின்னாங்க. ஒம்பது நாளு இந்தக் கூத்து. பத்தாம் நாளு வெயிலுகந்தா பூசாரி வீட்டுக்குப் போனா. அதுக்கு முன்னாலயே பூசாரி அந்தப் புள்ளியை தேங்கா நாரு போட்டுத் தேச்சுப் பாத்திருக்காரு, செங்கல்லு போட்டுத் தேச்சுப் பாத்திருக்காரு, அது தோல்ல இருக்குற மச்சம் மாதிரி அசையவே இல்ல. இவ போயி, "நான் வச்சேன். நானே எடுக்குறேன். மன்னிச்சிருங்க பூசாரியண்ணே"ன்னு சொல்லி முந்தானையால ஒரு தொடை தொடைச்சா, புள்ளி போச்சு, ரெண்டு கோடு போச்சு, ஊரு மேல இருந்த ஏடும் போச்சு. வடகமெல்லாம் மண்ணுல கொட்டுச்சு.

அப்ப வச்ச கை தொடைச்சாத்தான் புள்ளி போகும். இது தெரிஞ்சதும் ஊரு கப்புன்னு வாயை மூடிக்கிச்சு. ஏன்னா அவ வாசல்ல இருந்த புள்ளியை வச்சவங்க யாருன்னு சொல்லியாகணுமே! நான் தோசைக்கல்லைத் தேச்சுக்கிட்டே கோட்டைப் பாக்காம இருந்தேன்.

இதுக்கு நடுவுல கண்மலரு கெடைச்சிருச்சு. அம்மன் பீடத்துக்குப் பின்னால இருந்த எலி வளைக்குள்ள, சந்தனமும் நெய்யும் பூசி வாசமா இருந்ததை எலி இழுத்துட்டுப் போயிக் கடிச்சுப் பாத்துட்டுப் போட்டிருக்கு. பூசாரி ஆனந்தத்துல அழுதுக்கிட்டே அம்மன் கண்ணுக்குழியில தான் வச்ச புள்ளியைத் தொடைச்சுக் கண்ணைச் சாத்துனாரு. சரி, ஒழிஞ்சுச்சுடா சனியன்னு நாங்க மூச்சு விட்டோம்.

கோடு ஒழியல. ஒரு முனை அவுந்துச்சே தவிர இன்னொரு முனை அவ வாசல்ல இறுகி நின்னுச்சு. ரெண்டு புள்ளி இருந்த வரைக்கும் ஒரே எடத்துல நின்ன கோடு, இப்ப ஒரு புள்ளியை மட்டும் பிடிச்சுக்கிட்டுச் சுத்த ஆரம்பிச்சிருச்சு, செக்குல மாடு சுத்துற மாதிரி, ஆனா செக்குக்கு ஒரு தடம் இருக்கும், இதுக்கு அதுவும் இல்ல. கெழக்க, மேற்க, மேல, கீழ, ஒரு ஒத்தைப் புள்ளி வழியா எத்தனை கோடு போகுமோ அத்தனை கோடாவும் அது ஆகிப் பாத்துச்சு. ஒரு நாளைக்கு நாப்பது தரம் என் கடையைக் கடந்துச்சு. அது மேல பட்ட ஆளுக்கு ஒரு நிமிசம் உடம்பு சிலிர்க்கும், உடனே பள்ளத்து வீட்டைத் திரும்பிப் பாத்து, "எல்லாம் இவளால"ன்னு தோணும். எதுன்னு கேட்டா சொல்லத் தெரியாது. மாடு பால் குறைஞ்சதும் அவளால, மழை தள்ளிப் போனதும் அவளால.

"கண்ணுதான் கெடைச்சிருச்சே மாமா, இன்னும் என்ன?"ன்னு அவ நாட்டாமையைக் கேட்டா.

"கண்ணு கெடைச்சா என்ன? கோடு நிக்குதே! நெருப்பு இல்லாமயா புகையும்? கண்ணு இல்லாட்டி வேற எதுவோ." அவருக்கே தான் பேசுறது நல்லா இல்லன்னு தெரிஞ்சிருக்கணும், துண்டால மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டாரு. "வர்ற வெள்ளிக்கெழமை வீட்டைக் காலி பண்ணிரு தாயி. நிலையைப் பேத்துத் தூரக் கொண்டு போயிப் போட்டாத்தான் இது அடங்கும். ஊரு நல்லா இருக்கணும்ல?"

"அந்த நிலையை நான் தோள்ல சொமந்துட்டு வந்து நட்டேன் மாமா"ன்னு மட்டும் அவ சொன்னா. அந்தக் கொரலு என்னைத் தூங்க விடல, தின்ன விடல, மாவு புளிச்சு வழிஞ்சதுகூடத் தெரியாம உக்காந்திருந்தேன். எலி எடுத்த கண்ணுக்கு ஒரு பொம்பளை வீடு போகுது, அதுக்கு என் விரலும் ஒரு காரணம். கொஞ்ச நாளா என்னை நானே திட்டிக்கிட்டு இருந்தேன், திட்டிக்கிட்டா போதுமா?

வெள்ளிக்கெழமை காலையில கடப்பாரையோட ஊரு பள்ளத்துல கூடிருச்சு. அவ சாமான்களை வெளியில எடுத்து வைக்கல. உள்ள அடுப்பெரிச்சுக்கிட்டு இருந்தா. நான் கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போயி, தலையில துணி இல்லாம, அவ வாசல்ல நின்னு, "புள்ளி வச்சது நானு. எம் புருசனோட நீ சிரிச்ச வயித்தெரிச்சல்ல வச்சேன். களவைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு கத்திச் சொல்லிட்டு முந்தானையால தொடைச்சேன். வெக்கத்துல காது ரெண்டும் எரிஞ்சுச்சு.

முந்தானையில வெள்ளையாச் சுண்ணாம்பு ஒட்டுச்சு. குழியைப் பாத்தா புள்ளி அப்படியே இருக்கு. கோடு என் தலைக்கு மேல விர்ருன்னு சுத்திக்கிட்டே இருக்கு.

வெயிலுகந்தா அடுப்படியில இருந்து எந்திரிச்சு வந்து குழிக்குள்ள குனிஞ்சு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. "புள்ளிக்குக் கனம் கெடையாதுக்கா. ஒரே எடத்துல பத்து வச்சாலும் ஒண்ணாத்தான் தெரியும். நீங்க மட்டும் வைக்கல"ன்னா.

ஒருத்தரும் ஒருத்தரைப் பாக்கல. துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு முன்னால வந்தது யாருன்னு நெனைக்கிறீங்க? எம் புருசன். "நானும் வச்சேன். அவகிட்டப் பேசுறேன்னு நீ சந்தேகப்படுறது தெரியும், எனக்கு அவ ஒண்ணும் வேண்டியவ இல்லன்னு காட்டத்தான் வச்சேன்"னு என்னைப் பாத்துச் சொன்னாரு பாருங்க, அட பாவி மனுசான்னு எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு. தொடைச்சாரு. புள்ளி போகல. பூசாரி வந்தாரு, சாவி தன் கையில இருந்ததால பழி தன் மேல வந்துருமோன்னு பயந்து வச்சேன்னாரு, தொடைச்சாரு. போகல. தலையாரி வந்தாரு. ஆம்பளைச் சட்டை போட்டது பிடிக்கலன்னு ஒருத்தி வந்தா, தன் வீட்டுச் சுவரைக் குறை சொன்னான்னு ஒருத்தன் வந்தான், எல்லாரும் வைக்கிறாங்களே நாம வைக்காட்டி நம்மளை நெனைப்பாங்களேன்னு அஞ்சாறு பேரு வந்தாங்க. எங்க வீட்டுல ரெண்டு பேரு, மத்தபடி வீட்டுக்கு ஒரு ஆளா வந்து, ஒவ்வொருத்தரும் காரணத்தைச் சொல்லி, ஒவ்வொருத்தரும் தொடைச்சு, வெயிலு உச்சிக்கு வந்த நேரத்துல கடைசியா நாட்டாமை சங்கிலி கடப்பாரையைக் கீழ போட்டுட்டு வந்து, காரணம் ஒண்ணும் சொல்லாம தொடைச்சாரு. இருபத்தாறு வீடும் முடிஞ்சுச்சு.

புள்ளி இருந்துச்சு. இருபத்தாறு வீட்டுப் புள்ளியும் போனா என்ன, ஒண்ணு மிஞ்சுனாலும் புள்ளி புள்ளிதான். கோடு ஒரு துளி மெலியல.

"வெளியூராளா இருக்குமோ?"ன்னு பூசாரி இழுத்தாரு. உடனே கூட்டத்துக்குக் கண்ணுல வெளிச்சம் வந்துச்சு, பாத்துக்கங்க, அந்த நெலமையிலயும். பக்கத்து ஊருக் கெணத்துக்காரங்களாத்தான் இருக்கும்னு ரெண்டு பேரு ஆரம்பிச்சே விட்டாங்க.

அப்ப வீட்டுக்குள்ள இருந்து சோலையாண்டி வந்தான். நடந்து வந்தான்னு சொல்ல முடியாது, அவனை அவனே தள்ளிக்கிட்டு வந்தான். பொண்டாட்டி மூஞ்சியப் பாக்காம நிலைக்கால்கிட்ட நின்னான்.

"எப்ப வச்சீங்க?" வெயிலுகந்தா கேட்டா. கொரல்ல கோவமே இல்ல.

"மொத நாளு. மொத ஆளா."

"நான் கண்ணை எடுத்திருப்பேன்னு நெனச்சீங்களா?"

அவன் தலையை ஆட்டுனான். "கண்ணுக்காக வைக்கல. நீ... சாரத்துல, ஆம்பளைகளோட... சிரிச்சுக்கிட்டு... எனக்கு என்னமோ..." நாலு வார்த்தை சேந்தாப்புலப் பேசத் தெரியாதவன் அதுக்கு மேல முடிக்கல. துண்டை எடுத்துக் குழியைத் தொடைச்சான்.

கோடு அந்த நிமிசமே இல்லாமப் போச்சு. அறுந்து விழுகல, சத்தம் வரல, இருந்த எடம் தெரியல. பள்ளத்துல நின்ன நாங்க அத்தனை பேரும் ஒரே மூச்சா மூச்சு விட்டோம். நாட்டாமை தொண்டையைச் செருமிக்கிட்டு, "சரி தாயி, தீந்துச்சு. நீ இரு. உன் வீடு. ஊரு உன்னை ஒண்ணும் சொல்லாது"ன்னாரு. நான் அவ கையைப் பிடிச்சேன், அவ உருவிக்கவும் இல்ல, பிடிச்சுக்கவும் இல்ல.

அவ சோலையாண்டியத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. ஒம்பது வருசத்தையும் ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வந்த மாதிரி பாத்தா.

"சோறு வடிச்சு வச்சிருக்கேன். தின்னுட்டுக் கெளம்புங்க."

"எங்கே?"ன்னான் அவன்.

அவ உள்ள போயி வட்டிலை வச்சா, சோத்தைப் போட்டா, கத்திரிக்காக் கொழம்பை ஊத்துனா. அவன் உக்காந்து தின்னான், தொறந்த கதவு வழியா ஊரே பாக்குறது தெரிஞ்சும் தின்னான், கண்ணுல தண்ணி ஊத்த ஊத்தத் தின்னான். அவ பக்கத்துலயே நின்னு ஒவ்வொரு கரண்டியா அளவாப் போட்டா. மோரு ஊத்தட்டுமான்னு கூடக் கேட்டா.